பட்டியலில் இல்லாத நகரம்: டெல்லியில் பழங்குடியினர் போராட்டங்கள்

தெற்கு டெல்லியில் சப்தர்ஜங் பழைய விமான நிலையத்துக்கும் எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் இடையே, ஸ்ரீ அரவிந்தர் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட், இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைச் சுருக்கித் தாங்கிய அரசு ஊழியர் குடியிருப்பின் அங்காடியாகும். அப்படையை முதலில் அமைத்த மோகன் சிங்கின் பெயராலும் அது வழங்கப்படுகிறது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடி வரும் தமிழரும் மலையாளிகளும், மீன், கருவாடு, பன்றி இறைச்சி ஆகியவற்றுக்காக வரும் வடகிழக்கு மாநிலத்தவரும் அதன் நெடுநாள் வாடிக்கையாளர்கள். அதற்கு எதிரே, 1994-இல் ஒரு கழிவுநீர்க் கால்வாயை மூடி எழுப்பப்பட்ட தில்லி ஹாட் என்னும் கைவினைச் சந்தை இருக்கிறது. தெற்கே சிறிது தொலைவில் எய்ம்ஸ். இந்த அங்காடி போராட்டக் களமாக அறியப்பட்டதன்று. அதற்குரிய இடமான ஜந்தர் மந்தர் சாலைக்கு இங்கிருந்து மெட்ரோ ரயிலில் ஐந்து நிறுத்தம் வடக்கே போகவேண்டும். எனினும், தலைநகரம் பழங்குடி மக்களை எந்தெந்த வடிவங்களில் ஏற்றுக்கொள்கிறது என்பதை, அதாவது பொருள் வாங்க வருபவராக, கைவினைப் பொருள் விற்பவராக, உண்ணாவிரத மேடையிலிருந்து தூக்கிக் கொண்டுவரப்பட்ட நோயாளியாக ஏற்றுக்கொள்கிறது என்பதை, இந்தச் சந்திப்பைச் சுற்றிய ஒரு கிலோமீட்டருக்குள் பார்த்துவிடலாம். குடியிருப்பவராக ஏற்றுக்கொண்டதா என்ற கேள்விக்கு மட்டும் அரசு ஆவணங்களில் தெளிவான விடை உண்டு: இல்லை.

இந்திய அரசியலமைப்பின் 342-ஆவது பிரிவின்படி, எந்தச் சமூகம் பட்டியல் பழங்குடி என்பதைக் குடியரசுத் தலைவர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றியப் பிரதேசத்துக்கும் தனித்தனியே அறிவிக்கிறார். ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள சமூகம் மற்றொன்றில் அவ்வாறே கருதப்படவேண்டும் என்பதில்லை. தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. சேலம், தருமபுரி மலைகளில் பழங்குடியாக அங்கீகரிக்கப்பட்ட மலையாளி மக்கள், ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் அந்த அங்கீகாரத்துக்காகப் பல பத்தாண்டுகளாகக் கோரிக்கை வைத்து வருகின்றனர். ஜார்க்கண்டில் பட்டியலில் உள்ள சந்தாலியர், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர். டெல்லியின் நிலை இதனினும் விசித்திரமானது. பஞ்சாப், ஹரியானா போலவே டெல்லிக்கும் பழங்குடிப் பட்டியல் என்று ஒன்று அறிவிக்கப்படவே இல்லை. ஆகவே நாடு முழுவதும் 10.4 கோடிப் பழங்குடியினர், அதாவது மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர் இருப்பதாகச் சொன்ன 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, டெல்லியில் அவர்கள் எண்ணிக்கையைச் சுழியமாகக் காட்டியது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்து தெற்கு டெல்லி வீடுகளில் சமைத்துத் துடைத்துப் பிள்ளை வளர்க்கும் ஒராவன், முண்டா, காடியா சமூகப் பெண்கள் அந்தச் சுழியத்துக்குள் அடக்கம். 2018 ஆகஸ்ட் 30 அன்று பீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, டெல்லி அரசுப் பணிகளில் பிற மாநிலங்களின் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இடஒதுக்கீடு பெறலாம் என்று தீர்ப்பளித்ததால் வேலைக்கான வழி திறந்தது. கணக்கேட்டின் சுழியத்தை அத்தீர்ப்பு தொடவில்லை. டெல்லியில் பழங்குடியினர் நடத்திய போராட்டங்களின் வரலாற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான், அது பெரும்பாலும் நிற்பதற்கும் உட்காருவதற்கும் இடம் கேட்ட வரலாறாக ஏன் அமைந்தது என்பது புலப்படும்.

அதன் முதல் கட்டம் தெருவில் நிகழவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவரும், ஆதிவாசி மகாசபையின் தலைவருமான ஜெய்பால் சிங் முண்டா, 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேசியபோது, தம் மக்களுக்கு எவரும் ஜனநாயகம் கற்பிக்கத் தேவையில்லை, அதை அவர்களிடமிருந்துதான் கற்கவேண்டும் என்ற பொருளில் வாதிட்டார். அந்தச் சபையின் முடிவில் கிடைத்தவை இரண்டு ஏற்பாடுகள்: நடு இந்தியப் பழங்குடிப் பகுதிகளில் நில மாற்றத்தைக் கட்டுப்படுத்த ஆளுநருக்குத் தனி அதிகாரம் தரும் ஐந்தாவது அட்டவணையும், வடகிழக்கின் சில மலைப் பகுதிகளில் சட்டம் இயற்றும் உரிமையுள்ள தன்னாட்சி மாவட்ட மன்றங்களை அமைக்கும் ஆறாவது அட்டவணையும். இன்றுவரை டெல்லிக்கு வரும் பழங்குடி அமைப்புகளின் கோரிக்கைகளில் பல, இந்த இரண்டில் ஒன்றை நடைமுறைப்படுத்து என்றோ, தங்களுக்கும் விரிவுபடுத்து என்றோதான் இருக்கின்றன. ஜெய்பால் சிங் முன்வைத்த ஜார்க்கண்ட் மாநிலக் கோரிக்கையை மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் நிராகரித்தது. 1963-இல் அவர் தம் ஜார்க்கண்ட் கட்சியைக் காங்கிரசில் இணைத்தார், அதை அவருடைய ஆதரவாளர் பலர் மன்னிக்கவில்லை. 1970 மார்ச்சில் அவர் டெல்லியிலேயே காலமானார். மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15 அன்று, பிர்சா முண்டாவின் பிறந்தநாளில்.

மன்றத்துக்குள் பேசிய குரல் தெருவுக்கு வந்தது 1980-களின் இறுதியில். அணைகளும் சுரங்கங்களும் கொண்ட பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டமாகத் தலைநகருக்கு வந்து திறந்தவெளியில் தங்கத் தொடங்கியபோது, அவர்களுள் முன்னணியில் இருந்தவர்கள் நர்மதைப் பள்ளத்தாக்கின் பில், பிலாலா, பாவ்ரா, தட்வி சமூகத்தினர். 1990-இல் அணை எதிர்ப்பு இயக்கமான நர்மதா பச்சாவ் அந்தோலன் பிரதமர் வி.பி. சிங்கின் இல்லத்தருகே நடத்திய தர்ணா, சர்தார் சரோவர் அணைத் திட்டத்தை மறுபரிசீலனை செய்வதான வாக்குறுதியைப் பெற்றுத் தந்தது. வாக்குறுதிக்கு மேல் எதையும் பெற்றுத் தரவில்லை. அப்போதெல்லாம் பெருங்கூட்டங்களுக்குரிய இடம் இந்தியா கேட் அருகிலுள்ள போட் கிளப் புல்வெளி. 1988 அக்டோபரில் மகேந்திர சிங் திகாயத்தின் தலைமையில் உத்தரப் பிரதேச விவசாயிகள் மாடுகளோடும் வண்டிகளோடும் அங்கே குடியேறியதைக் கண்டு திகைத்த ஆட்சியாளர்கள், சில ஆண்டுகளில் அந்தப் புல்வெளியைப் போராட்டக்காரர்களுக்கு மூடிவிட்டனர். 1993 முதல் ஜந்தர் மந்தர் சாலையின் குறுகிய நடைபாதை அதற்கு ஈடாகத் தரப்பட்டது. லட்சம் பேர் அமரக்கூடிய வெளி சில ஆயிரம் பேருக்கான சந்தாகச் சுருங்கியது. எண்ணிக்கையில் சிறியவர்களும் ஊரிலிருந்து வெகு தொலைவில் வந்தவர்களுமான பழங்குடியினருக்கு இதனால் ஒரு பயனும் விளைந்தது என்று சொல்லவேண்டும்: சிறிய கூட்டமும் கண்ணில் படும் இடமாக, நாடாளுமன்றத்துக்கு நடந்துபோகும் தொலைவில், நிரந்தரமான ஒரு முகவரி கிடைத்தது.

அந்த முகவரியிலிருந்து எய்ம்ஸ் மருத்துவமனைக்குச் செல்லும் பாதை 2006-ஆம் ஆண்டில் இருமுறை பயன்பட்டது. அவ்வாண்டு மார்ச் 8 அன்று சர்தார் சரோவர் அணையின் உயரத்தை 110.64 மீட்டரிலிருந்து 121.92 மீட்டராக உயர்த்த நர்மதைக் கட்டுப்பாட்டு ஆணையம் அனுமதி அளித்தது. மறுகுடியேற்றம் முடிந்த பிறகே உயரத்தைக் கூட்டவேண்டும் என்பது நர்மதை நீர்த் தகராறு தீர்ப்பாயத்தின் விதி. உச்சநீதிமன்றமும் அதை ஏற்றிருந்தது. காகிதத்தில் குடியேற்றப்பட்டவர்கள் உண்மையில் இன்னும் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார்கள் என்பதைக் காட்டவே பள்ளத்தாக்கு மக்கள் நேரில் வந்து ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். மார்ச் 29 அன்று நர்மதா பச்சாவ் அந்தோலனின் தலைவர் மேதா பட்கரும் உடனிருந்த இருவரும் உண்ணாவிரதத்தைத் தொடங்கினர்; ஏப்ரல் 5 இரவில் காவல்துறை பட்கரை அங்கிருந்து அகற்றி எய்ம்ஸில் சேர்த்தது. மத்திய அமைச்சர்கள் மூவர் பள்ளத்தாக்குக்குச் சென்று நிலவரத்தைப் பார்த்துத் திரும்பினர். ஏப்ரல் 17 அன்று உச்சநீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்த மறுத்ததோடு, மறுகுடியேற்றம் நிறைவேறாவிட்டால் பணியை நிறுத்த நேரிடும் என்றும் எச்சரித்தது. அன்று உண்ணாவிரதம் முடிவுக்கு வந்தது. அணை பின்னர் 138.68 மீட்டர் வரை உயர்ந்து, 2017 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இரண்டாவது நிகழ்வு அதே ஆண்டு அக்டோபரில் நடந்தது. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை, அதாவது கலவரப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில் சந்தேகத்தின் பேரில் சுடவும் கைது செய்யவும் படையினருக்கு அதிகாரம் தரும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை, திரும்பப்பெறக் கோரி 2000 நவம்பர் முதல் உணவு மறுத்துவந்த இரோம் ஷர்மிளா, இம்பாலில் காவலிலிருந்து விடுவிக்கப்பட்டவுடன் டெல்லிக்கு வந்து, ராஜ்காட்டில் அஞ்சலி செலுத்திய பின் ஜந்தர் மந்தரில் அமர்ந்தார். அக்டோபர் 6 இரவில் தற்கொலை முயற்சி என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு அவரும் எய்ம்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் பிறந்த மெய்தேயி சமூகம் பழங்குடிப் பட்டியலில் இல்லை. ஆயினும் அவர் எதிர்த்த சட்டத்தின் சுமையை நாகா, குக்கி, மிசோ மலைகளே முதலில் தாங்கின என்பதால் இந்த வரலாற்றிலிருந்து அவரைப் பிரிக்க இயலாது. உண்ணாவிரதத்தை அரசியல் பேச்சாகக் கேட்க விரும்பாத அரசு அதை மருத்துவப் பிரச்சினையாக மாற்றிக்கொள்கிறது; மேடையிலிருந்தவர் படுக்கைக்குப் போனவுடன் கோரிக்கையைப் பற்றிய செய்தி நின்று, உடல்நிலை அறிக்கை தொடங்கிவிடுகிறது. சத்தீஸ்கரின் தண்டேவாடாவைச் சேர்ந்த பழங்குடி ஆசிரியை சோனி சோரி 2011 அக்டோபரில் டெல்லியில் கைது செய்யப்பட்டு, காவலில் தமக்கு நேர்ந்த சித்திரவதையைப் பற்றி முறையிட்டபோது, 2012-இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி அவர் அனுப்பப்பட்டதும் இதே எய்ம்ஸுக்குத்தான்.

இதே காலத்தில் தலைநகரத் தெருவில் நின்றதன் நேரடிப் பலன் என்று சொல்லத்தக்க ஒன்றும் நிகழ்ந்தது. 2002 மே மாதம் காட்டு நில ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கையால், தலைமுறைகளாகக் காட்டில் பயிர் செய்தவர்கள் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளர் ஆயினர். பல மாநிலங்களில் யானைகளைக் கொண்டும் குடிசைகள் தகர்க்கப்பட்டன. அந்த வெளியேற்றங்களை எதிர்த்து ஒன்றுசேர்ந்த அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் நடத்திய கூட்டங்களும் தர்ணாக்களும் இன்றி 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியிராது. காட்டு நிலத்தில் பயிரிடுபவருக்குப் பட்டாவும், ஊர்ப் பொதுக் காட்டின் மீது கிராமசபைக்கு ஆளுகையும் தரும் அச்சட்டம் நிறைவேறிய பின்னும், விதிகளை வெளியிடாமல் ஓராண்டு இழுத்தடிக்கப்பட்டது; அந்த இடைவெளியில், 2007 அக்டோபர் 2 அன்று ஏக்தா பரிஷத் அமைப்பின் பி.வி. ராஜகோபால் தலைமையில் குவாலியரிலிருந்து நிலமற்றவரும் பழங்குடியினருமாக 25,000 பேர் புறப்பட்டு, நெடுஞ்சாலையின் ஒருபுறத்தில் வரிசை கலையாமல் நடந்து மாத இறுதியில் டெல்லி ராம்லீலா மைதானத்தை அடைந்தனர். அங்கிருந்து நாடாளுமன்றம் நோக்கி நகர அவர்களைக் காவல்துறை விடவில்லை; மைதானத்தைச் சூழ்ந்து நிறுத்தியது. நிலச் சீர்திருத்தத்துக்குத் தேசியக் குழு அமைக்கப்படும் என்ற அறிவிப்பு அமைச்சர் வாயிலாக மைதானத்துக்கே வந்து சேர்ந்தது. வன உரிமை விதிகள் 2008 ஜனவரி 1 அன்று வெளியாயின. 2012-இல் அதே அமைப்பின் இரண்டாவது நடைப்பயணத்தை டெல்லிக்குள் விடாமலே, ஆக்ராவில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நகரத்துக்குள் வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடும் இந்த நயம் ஒருவகையில் மக்களின் வெற்றி, இன்னொரு வகையில் நகரத்தின் தற்காப்பு.

நடு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மனுவைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினர். படிப்புக்கும் வேலைக்கும் வந்து முனீர்கா, ஹுமாயூன்பூர் போன்ற நகர்ப்புறக் கிராமங்களில் வாடகைக்குக் குடியேறிய வடகிழக்கு இளைஞர்களுக்கோ போராட்டம் அன்றாட வாழ்வின் பகுதியாயிற்று. 2007-இல் டெல்லி காவல்துறை அவர்களுக்கென வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, உடையில் கவனம் வேண்டும் என்றதோடு, மூங்கில் குருத்து, நாகா மக்களின் புளித்த சோயா உணவான அகுனி போன்ற மணமுள்ள பண்டங்களை அக்கம்பக்கத்தில் சலசலப்பு எழாதவாறு சமைக்கும்படியும் அறிவுரை கூறியது. தாக்குபவரைத் திருத்தாமல் தாக்கப்படுபவரின் அடுப்பைத் திருத்த முனைந்த அந்த ஏட்டுக்கு மாணவர் அமைப்புகள் கடும் எதிர்ப்பைத் தெரிவித்தன. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பணம் கொடுத்து வாங்கும்போது யாருக்கும் உறுத்தாத மீனும் இறைச்சியும் வாடகை வீட்டின் அடுக்களையை எட்டியதும் ஒழுங்குப் பிரச்சினையாகிவிட்டன. 2014 ஜனவரி இறுதியில் லாஜ்பத் நகர் கடைவீதியில் அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர் தலைமுடியைக் கேலி செய்ததில் எழுந்த தகராறில் தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தபோது, லாஜ்பத் நகரிலும் ஜந்தர் மந்தரிலும் திரண்ட கூட்டம் அதுவரை காணாததாயிருந்தது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை அளித்து, இன இழிவுச் சொல்லையும் செயலையும் தனிக் குற்றமாக்கும் சட்டத் திருத்தத்தைப் பரிந்துரைத்தது.

அந்தத் தலைமுறையின் மிக நீண்ட போராட்டம் சவப்பெட்டிகளை முன்னிறுத்தியது. 2015 ஆகஸ்ட் 31 அன்று மணிப்பூர் சட்டமன்றம் நிறைவேற்றிய மூன்று மசோதாக்கள், மலைப் பகுதிகளின் நிலத்தை இம்பால் பள்ளத்தாக்கினர் கைக்குக் கொண்டுசெல்லும் என்று அஞ்சிய பழங்குடியினர் சுராசாந்த்பூரில் எழுந்தபோது ஒன்பது பேர் உயிரிழந்தனர். மசோதாக்கள் விலக்கப்படும்வரை அடக்கம் செய்வதில்லை என்ற உறுதியுடன் உடல்கள் அங்கே மருத்துவமனைப் பிணவறையில் காத்திருக்க, டெல்லியிலிருந்த மணிப்பூர்ப் பழங்குடி இளைஞர்கள் ஜந்தர் மந்தரில் கூடாரமிட்டு, ஒன்பது மாதிரிச் சவப்பெட்டிகளை அடுக்கி வைத்து அமர்ந்தனர். கோடை, மழை, பனி என்று பருவங்கள் மாறின. வகுப்புக்கும் வேலைக்கும் போய் வந்தவர்கள் முறைவைத்துக் காவல் இருந்தனர். பெருந்திரளாகக் கூடாமல், ஒரு சிறு குழு இடத்தை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதே இதன் வலிமை. இந்த உத்தியை அனுமதித்தது அந்த நடைபாதையின் நிரந்தரம்தான். மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மணிப்பூரில் ஆட்சி மாறிய பின், 2017 மே மாதம், இறந்து அறுநூறு நாள்களுக்கு மேல் கழித்து, உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன.

அந்த நிரந்தரம் அதே ஆண்டில் முறிந்தது. மண்டையோடுகளுடன் தமிழ்நாட்டு விவசாயிகள் அமர்ந்திருந்த காட்சியால் தமிழ் வாசகருக்கு நினைவில் நிற்கும் 2017-இன் அக்டோபர் 5 அன்று, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒலி மாசையும் குப்பையையும் காரணமாகக் கூறி ஜந்தர் மந்தர் சாலையில் எல்லாப் போராட்டங்களுக்கும் தடை விதித்து, அவற்றை ராம்லீலா மைதானத்துக்கு மாற்ற உத்தரவிட்டது. கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. அதற்கடுத்த மாதம், பழங்குடியினர் நல அமைச்சகத்தின் கீழுள்ள பழங்குடியினர் கூட்டுறவுச் சந்தைப்படுத்தல் இணையமான டிரைஃபெட், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே தில்லி ஹாட்டில் ஆதி மகோத்சவம் என்னும் பழங்குடித் திருவிழாவை நடத்தியது. தேன், டோக்ரா வெண்கலச் சிற்பம், கோண்டு ஓவியம், சிறுதானியம், நடனம் எல்லாம் இருந்தன. விழாவை இழிவாகப் பேசுவதற்கில்லை. இடைத்தரகரின்றி விற்பதால் கிடைக்கும் வருவாய் ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவைத் தாங்கக்கூடியது, பலர் ஆண்டுதோறும் விரும்பியே வருகின்றனர். ஆனால் காட்டுப் பொருளை விற்பதற்குக் கடையும் மேடையும் விளக்கும் அமைத்துக்கொடுத்த அதே தலைநகரில், அந்தக் காட்டின் மீதான உரிமையைக் கேட்பதற்கு அந்த நவம்பரில் பழைய இடம் இல்லை என்பதை வரலாறு குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. 2018 ஜூலை 23 அன்று உச்சநீதிமன்றம் முழுத் தடை செல்லாது என்று கூறி, முன் அனுமதியுடன் கூடிய கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஜந்தர் மந்தரைத் திரும்பத் திறந்தது. மாதக்கணக்கில் கூடாரமிடும் பழைய வழக்கம் அத்தோடு முடிந்தது எனலாம்.

அதன்பின் வந்த போராட்டங்கள் அனுமதியைச் சுற்றியே அமைந்தன. வன உரிமை கோரி நிராகரிக்கப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வழிவகுத்த உச்சநீதிமன்றத்தின் 2019 பிப்ரவரி 13 உத்தரவை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பால், அதே மாதம் 28 அன்று நீதிமன்றமே அதை நிறுத்திவைத்தது. 2023-இல் மெய்தேயி, குக்கி சமூகங்களுக்கிடையிலான வன்முறையில் மணிப்பூர் பற்றி எரிந்தபோது டெல்லிவாழ் குக்கிப் பெண்கள் ஜூன் மாதம் உள்துறை அமைச்சரின் இல்லத்தின் முன் பதாகைகளுடன் நின்றனர். மக்களில் பெரும்பான்மையினர் பழங்குடியினரான லடாக்கிற்கு ஆறாவது அட்டவணையைக் கோரி 2024 செப்டம்பர் 1 அன்று லேயிலிருந்து நடக்கத் தொடங்கிய லடாக்கின் கல்விச் சீர்திருத்தவாதி சோனம் வாங்சுக்கும் அவருடன் வந்தோரும், மாத இறுதியில் டெல்லியின் சிங்கு எல்லையிலேயே தடுத்து வைக்கப்பட்டனர். விடுவிக்கப்பட்ட பின் ஜந்தர் மந்தரில் அமர அனுமதி மறுக்கப்பட்டதால், தாங்கள் தங்கியிருந்த லடாக் பவனிலேயே உண்ணாவிரதத்தைத் தொடங்கிப் பதினாறு நாள்கள் நடத்தினர். போட் கிளப் புல்வெளியில் தொடங்கிய பயணம் ஒரு விருந்தினர் மாளிகையின் வளாகம்வரை வந்து சுருங்கிவிட்டது.

இப்போது நிலுவையில் உள்ள கோரிக்கைகளுள் ஒன்று மீண்டும் கணக்கேட்டைப் பற்றியதே. சால் மரத் தோப்பைப் புனிதமாகக் கொண்டு வழிபடும் சர்னா மரபினர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் சமயத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று ராஞ்சியிலும் டெல்லியிலும் தொடர்ந்து கூட்டங்கள் நடத்துகின்றனர். 2011-இல் 'பிற சமயங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஏறத்தாழ 50 லட்சம் பேர் தம்மைச் சர்னா என்று எழுதச் செய்திருந்தனர், 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றமும் இக்கோரிக்கையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2027-க்கு அறிவிக்கப்பட்டுள்ள அடுத்த கணக்கெடுப்பில் அந்தக் குறியீடு கிடைத்தாலும், டெல்லியில் வேலை செய்யும் ஒராவன் பெண் ஒருவர் தம் சமயத்தைப் பதிவு செய்துகொள்ள முடியுமே தவிர, 342-ஆவது பிரிவின் கீழ் டெல்லிக்கென ஒரு பட்டியல் அறிவிக்கப்படாதவரை, பட்டியல் பழங்குடி என்ற கட்டத்தில் அவர் எண்ணப்படமாட்டார்.

(தொடரும்)